அம்மாவின் குரவை

கதிரவெளியில் பன் அறுத்துப் பாயிழைக்கும் பெரியம்மாமாருக்கும் மாமிமாருக்கும் மச்சாள்மாருக்கும், எனக்குப் பெத்தா முறையான இருவருக்கும்,

போன மாதம் அம்மாவின் ஏழாம் ஆட்டைத் திவசத்துக்கு எல்லாரும் வந்திருந்தீர்கள். படையல் முடிந்து, சாப்பாடு முடிந்து, முற்றத்து வேம்பின் கீழே பாயை விரித்துக்கொண்டு இருந்தீர்கள். வழக்கம்போல நான் வட்டாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். வெற்றிலை, சீவின பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் பொயிலை. அம்மா புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கால் பக்கம் மெலிந்துபோன அதே பித்தளை வட்டாதான். நீங்கள் ஒவ்வொருவராக எடுத்து, காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவி வாயில் போட்டதைக் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தவருக்கு வட்டா வைக்காமல் விட்டால் எங்கள் பக்கத்தில் அது முகத்தில் அடித்த மாதிரி. அதுவும் திவச வீடு. அன்றைக்கு எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் எழுதுகிறேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். விடிய எழும்பிப் பன் நனைத்துவிட்டு அது பதமாகும்வரை காத்திருக்கிறீர்களே, அந்த நேரம் போதும்.

அம்மாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்களோடு பன் அறுக்க வந்தவர், செத்தவீட்டில் முதல் ஆளாய் ஒப்பாரி எடுத்தவர், கலியாணப் பாய்க்கு ஊர் ஊராகச் சொல்லிவைத்து வாங்குவார்கள் என்ற பெயர் எடுத்தவர். ஆனால் அவரை ஒரு கலைஞராக நீங்களும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஒருமுறை கலாபூஷணம் விருதுக்கான விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். ‘துறை’ என்று ஒரு கட்டம். அதில் என்ன எழுதுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

“பாயிழைக்கிற எண்டு எழுது புள்ள. பாட்டு எல்லாருந்தானே படிக்கிற” என்றார்.

படிவம் அப்படியே கிடந்து கறையான் தின்றது. பாயும் பாட்டும் அவருக்கு இரண்டு துறை இல்லை என்பது எனக்கு விளங்க அவர் போய்ச்சேர வேண்டியிருந்தது.

நீங்கள் எல்லாரும் இழைப்பவர்கள். ஆனாலும் அம்மா எப்படி இழைத்தார் என்பதை ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். பன்னைக் காயப்போட்டுக் கட்டுக்கட்டாகத் தாழ்வாரத்தில் சாத்தி வைப்பார். ஒரு பங்கைச் சிவப்புச் சாயத்திலும் ஒரு பங்கைப் பச்சையிலும் இன்னொரு பங்கை ஊதாவிலும் போட்டு அவிப்பார். சாயம் கொதிக்கும் தாச்சிப் பக்கம் எங்களை அண்ட விடமாட்டார். விடிய நாலு மணிக்குப் பன்னுக்குத் தண்ணீர் தெளித்து, தேத்தண்ணி குடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்துவிடுவார். வெயில் ஏறினால் பன் முறியும். இழைத்த பாயின் மேலேயே குந்தி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து, தான் இருக்கிற இடத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டு போவார்.

அவர் இழை எண்ணி நான் ஒருநாளும் கேட்டதில்லை. சிவப்பு எத்தனை இழையைத் தாண்ட வேண்டும், பச்சை எந்த இடத்தில் கீழே போக வேண்டும் என்பதற்கெல்லாம் அவரிடம் பாட்டுத்தான் இருந்தது. ஊஞ்சல் பாட்டுக்கு ஒரு கட்டம், தாலாட்டுக்கு ஒரு கட்டம், அருவி வெட்டுப் பாட்டுக்கு ஒரு கட்டம். அடி முடிகிற இடத்தில் நிறம் மாறும். மூச்சு எடுக்கிற இடத்தில் இழை திரும்பும். எட்டாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு பாயின் கட்டங்களைக் கணக்குக் கொப்பியில் பெட்டி பெட்டியாக வரைந்து, எண் போட்டு, பெருமையோடு அம்மாவிடம் காட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

“என்னகா இது, பாட்டில்லாமக் கிடக்கு.”

அவருக்குப் பிடித்த குரல் எது என்று உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பெத்தா வீட்டு வானொலிப் பெட்டியில் வந்த எம்.எல். வசந்தகுமாரியின் குரல். 1951இல் வந்த ‘மணமகள்’, 1960இல் வந்த ‘மன்னாதி மன்னன்’, இந்தப் படங்களின் பாட்டு இலங்கை வானொலியில் போனால் அம்மா இழைக்கிற கையை நிறுத்திவிடுவார். வசந்தகுமாரியின் தாய் லலிதாங்கியும் பாடகி, வசந்தகுமாரி ஜி.என். பாலசுப்பிரமணியத்திடம் பாடம் கேட்டவர், புரந்தரதாசர் பாடல்களை மேடை மேடையாகக் கொண்டுபோனவர், 1977இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர் என்பதெல்லாம் நான் பிறகு வாசித்து அறிந்தவை. அம்மாவுக்கு ஒரு ராகத்தின் பெயரும் தெரியாது. ஆனால் அந்தக் குரல் ஓரிடத்தில் உருண்டு இறங்குமே, அதைக் காதால் பிடித்துக் கொண்டுவந்து எங்கள் ஊஞ்சல் பாட்டின் மூன்றாம் அடியில் வைத்துவிட்டார். “சினிமாக்காரி மாதிரிப் படிக்காதகா” என்று பெத்தா பேசினாராம். அம்மா விடவில்லை. இன்றைக்கு நீங்கள் அந்தப் பாட்டைப் பாடும்போதும் மூன்றாம் அடி அப்படித்தான் உருண்டு வருகிறது. திவசத்தன்று சின்ன மாமி வாய்க்குள் முணுமுணுத்ததைக் கவனித்தேன். அது வசந்தகுமாரி சென்னையில் பாடி, எங்கள் அம்மா கதிரவெளியில் பிடித்து வைத்தது.

வசந்தகுமாரி 1990 ஒக்டோபர் 31இல், 62 வயதில், புற்றுநோயால் இறந்தார். அவருடைய மகள்தான் நடிகை ஸ்ரீவித்யா. ‘தளபதி’ படத்துத் தாய் என்றால் உங்களுக்கு உடனே முகம் வரும். அவரும் புற்றுநோயால்தான், 2006 ஒக்டோபர் 19இல் இறந்தார். 53 வயது. அந்தச் செய்தியை வானொலியில் கேட்ட நாள் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. சம்பூர்ச் சனமும் ஈச்சிலம்பற்றுச் சனமும் போரால் எங்கள் ஊருக்கு இடம்பெயர்ந்து வந்து, வீடு வீடாக, மரம் மரமாக இருந்த காலம். எங்கள் திண்ணையிலும் இரண்டு குடும்பம். அம்மா வானொலியை நிறுத்திவிட்டு, “தாய்க்கும் அதே, மகளுக்கும் அதே” என்று சொல்லி என்னைப் பார்த்தார். கன நேரம் பார்த்தார்.

அதற்கு இருபதாம் நாள் எங்கள் விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் செல் விழுந்தது. 2006 நவம்பர் 8. அங்கே தஞ்சமிருந்தவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த நாளைப் பற்றி உங்களுக்கு நான் எழுத ஒன்றுமில்லை. நீங்களே தூக்கிக் கிடத்தினவர்கள். அன்று ஒப்பாரி எடுக்க அம்மாவால் முடியவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். கடல் வந்த 2004இலும் பாடினவர். அன்றைக்கு வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு இருந்தார்.

பிறகு நாங்களும் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது பன் இல்லை, சாயம் இல்லை. நிவாரண அரிசி வந்த வெள்ளைப் பைகளை நாடாவாகக் கிழித்து ஒரு பாய் இழைத்தாரே, அது இன்னும் என்னிடம் இருக்கிறது. பையில் அச்சடித்த நீல எழுத்துகள் துண்டு துண்டாகி, ஒரு கால், ஒரு வளைவு, ஒரு புள்ளி என்று பாய் முழுக்கச் சிதறிக் கிடக்கும். அவை எந்தப் பாட்டின் அடியில் வந்து விழுந்தன என்று கேட்டேன். “பாட்டு இல்ல. சும்மா கை வேல” என்றார். அந்தப் பாயில் ஒரு கட்டமும் நேராக இல்லை. எங்கள் ஊரின் பெயர் அச்சில் வருவதென்றால் ஒன்றில் அந்த நவம்பருக்காக வரும், இல்லாவிட்டால் ஆய்வாளர்கள் வந்து பார்த்த பெருங்கற்காலக் கல்லடுக்குகளுக்காக வரும். அந்த வெள்ளைப் பாயை யாரும் எழுதவில்லை. என்னைக் கேட்டால் அந்தக் காலத்தைப் பற்றி எழுதினதிலெல்லாம் உண்மையானது அதுதான்.

2007இல் திரும்பி வந்தோம். பன் மீண்டும் முளைத்திருந்தது. அம்மா மீண்டும் பாடினார்.

இனி, சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

2015 வைகாசி, அம்மன் சடங்கு. குளிர்த்தி நேரம். மடை வைத்து, பறை முழங்கி, “குரவை போடுங்க புள்ளையள்” என்று பூசகர் சொல்ல எல்லாரும் அம்மாவைத்தான் பார்த்தீர்கள். எப்போதும் அவர்தான் எடுத்துக் கொடுப்பார். அவருடைய குரவை கோயில் வாசலில் கிளம்பினால் கடற்கரையில் வலை இழுப்பவர்களுக்குக் கேட்கும் என்பார்கள். அன்றைக்கு அவர் வாயைத் திறந்தார். சத்தம் வந்தது, ஆனால் உடைந்து வந்தது. நாக்குப் புரளவில்லை. பெரியம்மா ஒருவர் உடனே எடுத்துக்கொண்டு போட்டதால் சடங்கு தடைப்படவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது “என்னம்மா” என்று கேட்டேன். “பல்லுக் கூசுது” என்றார்.

குரவைக்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வாய் நன்றாக அகல வேண்டும், கன்னம் நெகிழ வேண்டும், நாக்கு மேலும் கீழும் பக்கத்துக்கும் கட்டில்லாமல் ஓட வேண்டும். அம்மாவின் வாய் அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே இறுகிக்கொண்டு வந்திருக்கிறது. அதை நாங்கள் கண்டும் காணாமல் இருந்திருக்கிறோம். சொதியில் பச்சை மிளகாய் வேண்டாம் என்றார். வயது என்று நினைத்தேன். கறியில் உறைப்பைக் குறைக்கச் சொன்னார். வயிற்றுக்கு நல்லது என்று நினைத்தேன். சோற்றை உருட்டி உருட்டிச் சின்னதாக வாயில் போட்டார். கட்டுப்பல் பொருந்தவில்லை என்று நினைத்தேன். நான் படித்தவள். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். என் தாயின் வாய் என் கண் முன்னால் மூடிக்கொண்டு வந்ததை நான் பார்க்கவில்லை. இதை உங்களிடம் ஒப்புக்கொள்ளாமல் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

முதலில் காட்டின இடத்தில் உயிர்ச்சத்துக் குளிசை தந்தார்கள். மாதக்கணக்காக அதைப் போட்டார். பிறகு வேறொரு பல் வைத்தியர், கன்னத்தின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “எத்தனை வருசமா வெத்திலை?” என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். பத்து வயதிலிருந்து. பெத்தாவின் வாயிலிருந்து பிடுங்கித் தின்று பழகினது. கன்னத்தின் உள்ளே வெண்மையாக நார் படர்ந்து, தோல் பதப்படுத்தின மாதிரி இறுகியிருந்தது. அதைச் செய்வது பாக்கு. அப்படி இறுகின வாய்கள் எல்லாமே புற்றாக மாறுவதில்லை. அம்மாவுடையது மாறிவிட்டது. இடது கன்னத்தில், எப்போதும் அடக்கி வைத்துக்கொள்ளும் பக்கத்தில், ஆறாத ஒரு புண். சதைத் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். சத்திர சிகிச்சை செய்தார்கள். பிறகு மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகச் சொன்னார்கள்.

வாழைச்சேனையில் இராக் கோச்சி ஏறி, விடியக் கொழும்பு இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் மகரகம. அம்மா முதன்முதலாகக் கொழும்பைப் பார்த்தது அப்படித்தான். ஆறு கிழமை கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) பிடித்தார்கள். அதற்கு முன் முகத்துக்கு ஒரு மூடி செய்வார்கள். வெந்நீரில் இளக்கின பிளாஸ்ரிக் தகடு, முழுக்கச் சின்னச் சின்னத் துளை. அதை முகத்தில் இழுத்து அழுத்தினால் மூக்கு, நாடி, நெற்றி எல்லாம் அதில் அச்சாகிவிடும். ஒவ்வொரு நாளும் அதைப் போட்டு மேசையோடு பூட்டி அசையாமல் கிடத்துவார்கள். பயப்படுவார் என்று நினைத்தேன். முதல் நாள் வெளியே வந்து, கொடுப்பு வீங்கின வாயால் மெல்லச் சொன்னது இதுதான்: “அந்த வலைய ஆர் இழைச்ச? ஒரு கண்ணும் தப்பல்ல.” கடைசி நாளில் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். தாழ்வாரத்தில் பன் கட்டுகளுக்கு மேலே தொங்குகிறதே, நீங்கள் என்னவென்று கேட்கத் தயங்குகிறீர்களே, அது அம்மாவின் முகம்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களத் தாய். அவருக்கும் வாயில்தான். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, இருவராலும் அதிகம் பேசவும் முடியாது. ஒருநாள் அந்த அம்மா, அம்மாவின் விரலைப் பிடித்து, நுனியில் பன் அறுத்த தழும்பைத் தடவி, “பன்?” என்று கேட்டார். அம்மா “பன்” என்றார். அந்தப் புல்லுக்கு இரண்டு பாஷையிலும் ஒரே சொல்தான் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். பிறகு இருவரும் கட்டில் விரிப்பின் மேல் விரலை வைத்து, இப்படித் தாண்டி, இப்படித் திருப்பி, இப்படிக் கரை மடித்து என்று மணிக்கணக்காகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாயின் பெட்டியிலும் ஒரு வெற்றிலைப் பை இருந்தது. வெறும் பை.

திரும்பி வந்து எட்டு மாதம் நன்றாக இருந்தார். பிறகு கழுத்தில் கட்டி வந்தது. மூக்கால் குழாய் விட்டுப் பால் ஊற்றினோம். புரட்டாதியில் போய்விட்டார். 61 வயது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். “எங்கட பெத்தா தொண்ணூறு வரைக்கும் போட்டவ, ஒண்ணும் வரல்ல.” உண்மைதான். எல்லாருக்கும் வராது. கடலுக்குப் போகிற எல்லாரும் மூழ்குவதுமில்லை. ஆனாலும் காற்றைப் பார்க்காமல் யாராவது தோணியைத் தள்ளுகிறார்களா? பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், பொயிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985இலேயே சொல்லிவிட்டது. பொயிலையை விட்டுவிட்டால் தப்பலாம் என்று பலரும் நினைத்தார்கள். 2004இல் வந்த அதன் அறிக்கை, பொயிலை இல்லாவிட்டாலும் பாக்கு ஒன்றே போதும் என்று சொன்னது. “நான் பொயிலை போடுறல்ல” என்று பெருமையாகச் சொல்லும் மச்சாள்மார் இந்த இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள்.

ஏன் போடுகிறோம் என்பதும் எனக்குத் தெரியும். அதைக் கெட்ட பழக்கம் என்று சுவரில் ஒட்டிவிட்டுப் போகிறவர்களுக்குத் தெரியாது. விடிய நாலு மணிக்கு வெறும் வயிற்றில் இழைக்க இருந்தால் பசி தெரியாது. நித்திரை வராது. பல்வலி அமரும். எல்லாவற்றையும்விட, வட்டா நடுவில் இருந்தால்தான் நாலு பேர் சுற்றி இருப்பார்கள், ஒருவர் பாட்டு எடுக்க மற்றவர் சேருவார்கள். அம்மாவின் பாட்டு வளர்ந்தது அந்த வட்டாவைச் சுற்றித்தான். அவருடைய வாயை மூடினதும் அதே வட்டாதான். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து நினைக்க எனக்கு ஏழு வருடம் பிடித்தது.

இந்த நோய் உள்ளே ஒளிந்திருந்து கொல்லும் நோய் இல்லை. வாய்க்குள் இருக்கிறது, திறந்தால் தெரிகிறது. 1980களிலேயே எங்கள் நாட்டில் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களைப் பழக்கி வாய் பார்க்க வைத்தார்கள்; அவர்களால் இதைக் கண்டுபிடிக்க முடியும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஸ்ரீவித்யா கடைசியாக இருந்த திருவனந்தபுரத்தில், 13 பஞ்சாயத்துகளை எடுத்து, அவற்றில் ஏழில் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் பிடித்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 2005இல் வெளிவந்தது. புகையிலையோ மதுவோ பழகினவர்களிடையே, அப்படிப் பார்க்கப்பட்ட ஊர்களில் வாய்ப் புற்றால் செத்தவர்கள் மற்ற ஊர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பெரிய யந்திரம் ஒன்றுமில்லை. ஒரு ரோச் லைற், பார்க்கத் தெரிந்த இரண்டு கண்.

ஆகவே முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் நில்லுங்கள். உங்கள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, முன்பல்லுகளுக்கு நடுவில் நிமிர்த்தி வையுங்கள். மூன்றும் போகவேண்டும். இரண்டுதான் போகிறதென்றால், உறைப்புப் பட்டால் எரிகிறதென்றால், கன்னத்திலோ நாக்கின் ஓரத்திலோ வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு படை இருந்தால், இரண்டு கிழமையாகியும் ஆறாத புண் இருந்தால், வாகரையிலோ வாழைச்சேனையிலோ பல் வைத்தியரிடம் போங்கள். பல் பிடுங்கத்தான் அவரிடம் போவது என்று நினைக்காதீர்கள். “வாயைப் பாருங்க” என்று கேளுங்கள். குளிசை மட்டும் தந்து அனுப்பினால், ஆறாவிட்டால் திரும்பிப் போங்கள். நாங்கள் திரும்பிப் போகவில்லை. போகக் கூச்சமாயிருந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள், நான் கூட வருகிறேன். பள்ளி லீவு போட்டு வருவேன்.

இன்னொரு காரியம் இருக்கிறது. அதற்கு நீங்கள்தான் எனக்கு உதவவேண்டும்.

மகரகமவிலிருந்து வந்த அந்த எட்டு மாதத்தில் அம்மா ஒரு பாய் தொடங்கினார். என் கலியாணத்துக்கு இழைத்த அதே கட்டம், பேத்திக்காக. ஊதா அடி, சிவப்புப் பூ. வாய் திறந்து பாட முடியாது. மூக்கால் முனகிக்கொண்டு இழைத்தார். முதல் முழம் ஒரு பிழையுமில்லாமல் வந்தது. பிறகு முனகலும் களைத்துப்போய், ஓர் இடத்தில் பூவின் இதழ் ஒன்று பக்கத்துக்குச் சாய்ந்துவிட்டது. கழற்றிவிட்டுத் திரும்ப இழைத்தார். திரும்பவும் சாய்ந்தது. அப்படியே விட்டுவிட்டார். இன்னும் இரண்டரைச் சாண் கிடக்கிறது. சாயம் போட்ட பன்னையும் எடுத்துக் கட்டி வைத்துவிட்டுத்தான் படுத்தார்.

நான் முடித்துப் பார்க்க இருந்தேன். கை பழகினதுதான், ஆனால் பூ எங்கே திரும்புகிறதென்று தெரியவில்லை. அதற்கு அந்த ஊஞ்சல் பாட்டு முழுக்கத் தெரியவேண்டும். 2016இல் புதிதாக வாங்கின போனைச் சோதித்துப் பார்க்கையில் தற்செயலாய்ப் பதிந்த நாலு நிமிடம் என்னிடம் இருக்கிறது. கோழி கொக்கரிக்கிற சத்தம், பன்னுக்குத் தண்ணீர் தெளிக்கிற சத்தம், பிறகு அம்மாவின் குரல், அப்போதே கொஞ்சம் தடித்துப்போன குரல். மூன்றாம் அடியில் வசந்தகுமாரி உருண்டு வருகிறார். ஆறாம் அடி தொடங்குகிற இடத்தில், “காணும் புள்ள, பற்றரி போகும்” என்று நிறுத்திவிடுகிறார்.

வசந்தகுமாரி போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. ஒரு பொத்தானை அமத்தினால் அவர் முழுக்கப் பாடுகிறார். எங்கள் பக்கத்துப் பாட்டுகளைப் பண்டிதர் வி.சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ நூலில் அச்சில் ஏற்றினார். அது பெரிய காரியம், அவரை நான் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டுகளைப் பாடிய வாய்களின் சத்தம் தாளில் ஏறாது. அம்மா தன் பாட்டில் செய்து வைத்த திருப்பமெல்லாம் இப்போது உங்கள் வாய்களில்தான் இருக்கிறது. அதனால்தான் அந்த வாய்களைப் பற்றி இவ்வளவு பயப்படுகிறேன். அவை எனக்கு இரண்டு விதத்திலும் வேண்டும்.

வருகிற சனிக்கிழமை விடிய வருகிறேன். அந்தப் பாயையும் ஊதாப் பன் கட்டையும் கொண்டு வருவேன். பெரிய பெரியம்மா வீட்டு முற்றத்தில் விரிப்போம். ஆறாம் அடியிலிருந்து யாருக்குத் தெரிகிறதோ அவர் எடுத்துக் கொடுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் பதிந்துகொள்வோம், பூ எந்தப் பாட்டுக்கு நேராகிறதென்று பார்ப்போம். சாய்ந்த இதழை யாரும் கழற்றவேண்டாம்.

வட்டாவையும் கொண்டு வருகிறேன். புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறேன். அதில் வறுத்த கச்சானும் கற்கண்டும் வைப்பேன், கோபிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இஞ்சி போட்ட தேத்தண்ணி நான் ஊற்றித் தருவேன். பெத்தா, உங்களுக்கு ஒரே நாளில் விடமுடியாது என்று எனக்குத் தெரியும். நீங்கள் உங்கள் பையோடேயே வாங்கோ. வந்ததும் முதலில் என் பக்கத்தில் இருந்து வாயைத் திறந்து காட்டவேண்டும், அவ்வளவுதான். ரோச் லைற் நான் கொண்டு வருகிறேன்.

பன்னை வெள்ளிக்கிழமை இரவே நனைத்து வைக்கவா, விடிய நனைத்தால் போதுமா என்று யாராவது சொல்லியனுப்புங்கள். ஏழு வருடம் காய்ந்த பன்.

உங்கள் மகள்